வாயில்லா ஜீவனின் வாய்நீர்

(சின்னாளப்பட்டியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தமிழில் பேச வேண்டும், ஊராருக்குப் பயன்பட வேண்டும் என்ற இரண்டே நிபந்தனைகளோடு அழைத்தீர்கள். பன்றியின் உமிழ்நீரைப் பற்றிப் பேசுகிறேன் என்று நான் சொன்னதும் அமைப்பாளர் சிறிது நேரம் பேசவில்லை. அவர் தயக்கம் எனக்குப் புரிந்தது. பன்றி என்பது நம் ஊரில் வசவுச் சொல். எச்சில் என்பது தீட்டுச் சொல். இரண்டையும் ஒரே மேடையில் ஒரு மணி நேரம் பேசுவதா என்று யாருக்கும் தோன்றும்.

எச்சில் என்ற சொல்லுக்கு எஞ்சியது என்பதே பொருள். உண்ட பின் மிஞ்சுவதையும் அப்படித்தான் சொல்கிறோம், வாயில் ஊறுவதையும் அப்படித்தான் சொல்கிறோம். மிச்சம் என்று ஒதுக்கும் அந்த நீரில் ஒரு விலங்கின் நோயும் அச்சமும் ஆறுதலும் பதிவாகியிருக்கின்றன. நாம் ஒதுக்கிவைத்த ஒரு விலங்கின் ஒதுக்கப்பட்ட நீர் இவ்வளவு சொல்கிறது என்றால் அதைக் கேட்பது நம் கடமை என்று நினைக்கிறேன். இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஓர் உயிர் நலமாக இருக்கிறதா என்று அறிய அந்த உயிரையே வதைக்க வேண்டியதில்லை. வதைத்துக் கேட்டால் உண்மையான பதிலும் கிடைக்காது.

சுருக்குக் கயிறு

நான் கால்நடை மருத்துவம் படித்து வேலைக்கு வந்த புதிதில், ஒரு வெண்பன்றிப் பண்ணையில் தாய்ப்பன்றிகளிடம் ரத்தம் எடுக்கப் போனேன். பன்றியிடம் ரத்தம் எடுப்பது மாட்டிடம் எடுப்பது போல எளிதன்று. ரத்தக்குழாய் வெளியே தெரியாது. கழுத்துக்குக் கீழே, கொழுப்புக்கு அடியில், ஆழத்தில் இருக்கும். அதனால் மேல்தாடையில் கோரைப்பல்லுக்குப் பின்னால் சுருக்கு மாட்டி, ஒருவர் இழுத்துப் பிடிக்க, மற்றொருவர் நீண்ட ஊசியைச் செலுத்த வேண்டும். பிடிபட்ட பன்றி போடும் கூச்சல் நூறு டெசிபலைத் தாண்டும். பக்கத்துக் கொட்டில்களில் உள்ள பன்றிகளும் சுவரோடு ஒதுங்கிக்கொள்ளும்.

அன்று சினை முதிர்ந்த ஒரு பன்றியைப் பிடித்தோம். சுருக்கு இறுகியதும் அது நான்கு கால்களையும் ஊன்றிப் பின்னுக்கு இழுத்தது. வாயோரம் நுரை தள்ளியது. கண்ணின் வெள்ளை தெரிந்தது. ஊசி இரண்டு முறை தவறி மூன்றாம் முறைதான் ரத்தம் வந்தது. சோதனையில், அச்சத்தில் சுரக்கும் கார்டிசால் என்ற இயக்குநீர் மிக உயர்ந்திருந்தது. இந்தப் பண்ணையில் பன்றிகள் கடும் மன அழுத்தத்தில் இருக்கின்றன என்று குறிப்பேட்டில் எழுதினேன்.

பிறகுதான் உறைத்தது. நான் அளந்தது பண்ணை தந்த அழுத்தத்தையா, என் கை தந்த அழுத்தத்தையா? பிடித்த ஓரிரு நிமிடத்துக்குள் ரத்தம் எடுத்துவிட்டால் பிழை குறையும். கொட்டிலில், வழுக்கும் தரையில், அது அரிதாகவே நடக்கும். கேள்வி கேட்ட முறையே பதிலை மாற்றிவிட்டது. அந்தக் குறிப்பேட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

பருத்திக் கயிறு

இப்போது இன்னொரு கயிற்றைப் பற்றிச் சொல்கிறேன். இது உங்கள் ஊருக்கு நெருக்கமானது. நூலும் சாயமும் சுங்குடியும் சின்னாளப்பட்டும் அறிந்த ஊரில் பருத்தியைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. சாயம் ஏற்றாத, முறுக்கிய பருத்திக் கயிறு, அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான தடிமன். அதைக் கொட்டிலின் கம்பியில் கட்டி, பன்றியின் தோள் உயரத்துக்குத் தொங்கவிட வேண்டும். பிறகு விலகி நின்று இருபது முப்பது நிமிடம் காத்திருக்க வேண்டும். கருவி என்று சொல்ல வேறொன்றும் இல்லை.

நிலக்கோட்டைப் பக்கம் ஒரு சிறு பண்ணையில் இதைச் செய்தபோது, பண்ணைக்கார அம்மா தவிட்டு வாளியை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். கயிறு தொங்கியதும் குட்டிகள் ஒரு குரைப்புச் சத்தத்தோடு பின்வாங்கின. சிறிது நேரத்தில் ஒன்று மூக்கை நீட்டி முகர்ந்தது. தள்ளிப் பார்த்தது. கயிறு ஆடித் திரும்பி வந்ததும் கவ்வியது. அதைப் பார்த்து இன்னொன்று வந்தது. பத்து நிமிடத்தில் ஏழெட்டுக் குட்டிகள் முறை வைத்துக் கயிற்றை மென்றுகொண்டிருந்தன. நுனி பிரிந்து, நனைந்து, பழுப்பேறிக் கனத்தது. அந்த நுனியை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் விட்டு, பையோடு சேர்த்துப் பிழிந்தேன். பையின் மூலையில் கலங்கலான, கொழகொழப்பான நீர் சேர்ந்தது. தவிட்டு வாசனை அடித்தது. மூலையைக் கத்தரித்து ஒரு சிறு குழாயில் வடித்து, ஐஸ் வைத்த தெர்மாகோல் பெட்டியில் வைத்தேன். ஒரு பன்றியும் கத்தவில்லை.

பெட்டியை மூடும்போது அந்த அம்மா சொன்னார்: "டாக்டரம்மா, எல்லாம் சரிதான். அந்த மூலைல படுத்துக் கிடக்குற குட்டி கயித்துப் பக்கமே வரலியே. மூணு நாளா அதுதான் தவுடு திங்கல."

அவர் சொன்னது இந்த முறையின் மிகப் பெரிய குறை. காய்ச்சல் கண்ட குட்டி மெல்லாது. பயந்த குட்டியைப் பலசாலிகள் கயிற்றை அண்டவிடா. கயிறு தருவது கூட்டத்தின் பதில்தான், ஒவ்வொன்றின் பதிலும் அன்று. அந்தக் குட்டிக்கு, இடுக்கியில் சிறு பஞ்சுத் துண்டைப் பிடித்து வாயோரம் நீட்டி, அது நனையும்வரை பொறுத்திருந்து தனியாக எடுத்தோம். உடல் வெப்பம் பார்த்தபோது நல்ல காய்ச்சல். கயிறு தவறவிட்டதை அந்த அம்மாவின் கண் தவறவிடவில்லை. எந்தச் சோதனையும் வளர்ப்பவரின் கண்ணுக்கு மாற்றாகாது என்பதை அன்று அவர் எனக்குக் கற்றுத் தந்தார்.

நீருக்குள் என்ன இருக்கிறது

உமிழ்நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தண்ணீர். எஞ்சிய ஒரு பங்கில்தான் செய்தி. காதடிச் சுரப்பி, தாடையடிச் சுரப்பி, நாவடிச் சுரப்பி என்று மூன்று இணைச் சுரப்பிகள் இதைச் சுரக்கின்றன. அவற்றைச் சுற்றிலும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. ரத்தத்தில் ஓடும் சில பொருள்கள் அந்த வலையைக் கடந்து உமிழ்நீருக்குள் வந்துவிடுகின்றன. ஈறுகளின் ஓரத்திலிருந்தும் ரத்தத்தின் தெளிநீர் சிறிது கசிகிறது. பன்றி கயிற்றை மெல்லும்போது இவை எல்லாம் கலந்து வருகின்றன.

இந்தக் கலவை மூன்று வகைச் செய்தி சொல்கிறது.

முதலாவது மன அழுத்தம். அச்சம் வந்தால் அட்ரினல் சுரப்பி கார்டிசாலை விடுகிறது. ரத்தத்தில் அதன் பெரும்பகுதி புரதங்களோடு ஒட்டிக்கொண்டு ஓடும். ஒட்டாமல் தனித்து ஓடும் சிறு பகுதியே உடலில் வேலை செய்கிறது. உமிழ்நீருக்குள் நுழைவதும் அந்தப் பகுதிதான். அதனால் உமிழ்நீர்க் கார்டிசால் அளவில் சிறிது, பொருளில் பெரிது. ஆல்ஃபா அமைலேஸ் என்ற நொதியும் குரோமோகிரானின் என்ற புரதமும் நரம்பு மண்டலம் பதறுவதைக் காட்டுகின்றன. தாயிடமிருந்து பிரித்த குட்டிகள், புதிதாக ஒன்று சேர்த்ததும் சண்டையிடும் பன்றிகள், லாரியில் ஏற்றப்பட்டவை ஆகியவற்றின் உமிழ்நீரில் இந்த மாற்றங்கள் ஏற்படுகின்றன.

இரண்டாவது உடலுக்குள் மூளும் அழற்சி. எங்கோ புண், எங்கோ தொற்று என்றால் கல்லீரல் ஹாப்டோகுளோபின், சி-ரியாக்டிவ் புரதம் போன்றவற்றைக் கூடுதலாகச் செய்கிறது. ஒன்றின் வாலை ஒன்று கடிக்கும் கூட்டத்திலும் கால் நொண்டும் பன்றியிலும் இவை உமிழ்நீரில் ஏறுகின்றன. நோய் வெளியே தெரியுமுன்னே இவை ஏறுவதும் உண்டு.

மூன்றாவது நோய்க்கிருமி. வைரஸின் மரபணுத் துணுக்கையும் அதை எதிர்த்து உடல் செய்த எதிர்ப்பொருளையும் இந்த நீரிலேயே தேடலாம். கொரோனா காலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மூக்கில் குச்சி விட்டுச் சோதித்த காலத்திலேயே, உப்புநீரைக் கொப்பளித்துத் துப்பினால் போதும் என்ற முறையை நாகபுரியில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் 2021இல் உருவாக்கியது. பன்றிக்குக் கயிறு, நமக்குக் கொப்பளிப்பு. அடிப்படை ஒன்றுதான்.

நலம் என்றால் துன்பம் இல்லாமை மட்டும் அன்று. இன்பம் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். ஆக்சிடோசின் என்ற இயக்குநீரைப் பன்றியின் உமிழ்நீரில் அளந்து, அது நிம்மதியாக இருக்கும் நேரங்களை அறிய முடியுமா என்று இப்போது ஆராய்கிறார்கள். ஒரு பன்றியின் மகிழ்ச்சியையும் அறிவியல் தேடத் தொடங்கியிருப்பது எனக்கு நெகிழ்ச்சி தருகிறது.

எங்கிருந்து வந்தது

கயிற்று முறையை முறையான சோதனையாக வளர்த்ததில் பெரும்பங்கு அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு உண்டு. இந்தியா முழுவதும் 2019 கணக்கெடுப்பில் சுமார் 90 லட்சம் பன்றிகள் இருந்தன. அயோவா என்ற ஒரு மாநிலத்தில் மட்டும் 2 கோடிக்கு மேல் வளர்க்கிறார்கள். அத்தனையிடமும் ஊசி குத்தி ரத்தம் எடுக்க முடியாது. ஜெஃப் சிம்மர்மன் தலைமையில் அங்கே செய்த ஆய்வுகள் 2008 முதல் வெளிவந்தன. பன்றிகளின் கருச்சிதைவு, மூச்சு நோய்களுக்குக் காரணமான பிஆர்ஆர்எஸ் வைரஸைக் கயிற்று நீரிலேயே கண்டுபிடிக்கலாம் என்று அவர்கள் காட்டினார்கள். அதே நோய் 2013இல் மிசோரத்துக்குள் நுழைந்தது.

நலத்தை அளக்கும் பக்கத்தில் ஸ்பெயினின் முர்சியா பல்கலைக்கழகம் முன்னணியில் நிற்கிறது. ஹோசே ஹோவாகின் செரோனும் அவர் குழுவினரும் பன்றி உமிழ்நீரின் புரதங்களை ஒவ்வொன்றாக அளந்து, எது அழுத்தத்தின் அடையாளம், எது அழற்சியின் அடையாளம் என்று பிரித்துக் காட்டிவருகிறார்கள்.

நம் நாட்டிலும் உமிழ்நீரைக் கவனித்திருக்கிறார்கள். கர்னாலில் உள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தார், எருமையின் உமிழ்நீரைக் கண்ணாடித் தகட்டில் உலர்த்திப் பார்த்தால் சினைப்பருவத்தில் பெரணி இலை போன்ற படிக வடிவம் தோன்றுவதை ஆராய்ந்தார்கள். எருமை பருவத்துக்கு வந்திருப்பதைக் கண்டுபிடிப்பது எவ்வளவு சிரமம் என்பது இங்கே பால் கறப்பவர்களுக்குத் தெரியும்.

பன்றி வளர்த்தவர்களோ வெகுகாலமாகவே ஆண் பன்றியின் வாய் நுரையைக் கவனித்துவந்தார்கள். அந்த நுரையில் ஆண்ட்ரோஸ்டினோன் என்ற மணப்பொருள் இருக்கிறது. அதை முகர்ந்ததும் பருவத்தில் உள்ள பெண் பன்றி அசையாமல் நிற்கும். பன்றிகள் உமிழ்நீரால் தங்களுக்குள் பேசிக்கொண்டுதான் இருந்தன. நாம் இப்போதுதான் காது கொடுக்கிறோம்.

கேட்கும்போது தவறக் கூடாதவை

இந்த முறையை மந்திரக்கோல் என்று நினைத்துவிட வேண்டாம்.

கார்டிசாலுக்கு ஒரு நாள் ஓட்டம் உண்டு. காலையில் ஏறி மாலையில் இறங்கும். ஒரு கொட்டிலில் காலையிலும் மறு கொட்டிலில் மாலையிலும் எடுத்து ஒப்பிட்டால் பொய்யான முடிவுதான் வரும். எப்போதும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும்.

கார்டிசால் ஏறினாலே துன்பம் என்று சொல்லிவிடவும் முடியாது. குட்டி ஈனும்போது ஏறும், இனச்சேர்க்கையின்போதும் ஏறும். நெடுநாள் துன்பத்தில் கிடக்கும் விலங்குக்கோ, ஏற்ற இறக்கமே மழுங்கிப் போய் அளவு சாதாரணமாகத் தெரியலாம். ஓர் எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. நடத்தையையும் தீவனம் உண்ணும் அளவையும் தோலையும் காலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சாணம், தீவனம், ஈற்று ரத்தம் கலந்தால் அளவு கெடும். எடுத்த நீரைத் திண்டுக்கல் வெயிலில் அரை மணி நேரம் வைத்தால் அதிலுள்ள புரதங்கள் சிதையத் தொடங்கும். ஐஸ் பெட்டி இல்லாமல் கயிற்றைத் தொடாதீர்கள். மனிதருக்காகச் செய்த சோதனைப் பொருள் பன்றிக்கு அப்படியே பொருந்தாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்பெயின் பன்றியின் இயல்பு அளவு சித்திரை வெயிலில் கிடக்கும் நம் பன்றிக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பன்றிக்கு வியர்த்து உடலைக் குளிர்வித்துக்கொள்ளும் திறன் கிடையாது. அது சேற்றில் புரள்வது அழுக்கின் மீதுள்ள ஆசையால் அன்று, வெப்பத்திலிருந்து தப்புவதற்காக. நம் வெயிலுக்கும், பெரிய வெள்ளை யார்க்‌ஷயர் என்ற இனத்துக்கும், காட்டுப்பாக்கம் ஆராய்ச்சி நிலையம் அதை நாட்டுப் பன்றியோடு கலந்து உருவாக்கிய இனத்துக்கும் நாமே இயல்பு அளவுகளை வகுக்க வேண்டும்.

நமக்கு ஏன் இது வேண்டும்

1955இல் வேலூரில்தான் இந்தியாவில் முதன்முதலாக மனிதரில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கண்டறியப்பட்டது. கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளில் வாழும் வைரஸ், வயலில் பிறக்கும் கொசு வழியாகப் பன்றிக்கு வந்து, அங்கே பெருகி, மீண்டும் கொசு வழியாக நம் குழந்தைகளை அடைகிறது. பன்றி பெரும்பாலும் நோய்வாய்ப்படாமலே வைரஸைப் பெருக்கிவிடும். கொசுவே இல்லாத அறையிலும் பன்றியின் வாய், மூக்கு நீர் வழியாக இந்த வைரஸ் இன்னொரு பன்றிக்குப் பரவ முடியும் என்று சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2016இல் காட்டினார்கள். அப்படியானால் கயிற்று நீர் ஒரு முன்னெச்சரிக்கை மணி ஆகலாம். பன்றியின் வாயைக் கவனிப்பது நம் பிள்ளைகளின் மூளையைக் காப்பதாகவும் ஆகும்.

அடுத்தது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். 1921இல் கென்யாவில் விவரிக்கப்பட்ட இந்த நோய் 2020இல் அசாம், அருணாசலப் பிரதேசம் வழியாக இந்தியாவுக்குள் வந்தது. 2022 ஜூலையில் வயநாட்டுக்கு வந்தது. 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் இதனால் மடிந்தன. மனிதருக்கு இது தொற்றாது. பன்றிகளை மட்டும் கூட்டம் கூட்டமாகக் கொல்லும். நோய் உறுதியானால் தேசியச் செயல்திட்டப்படி ஒரு கிலோமீட்டர் ஆரத்துக்குள் உள்ள பன்றிகள் அழிக்கப்படும். ஒரு சிறு பண்ணைக்காரருக்கு அது ஒரே நாளில் வாழ்வு முடிந்தது போல.

இந்த வைரஸையும் கயிற்று நீரில் கண்டறிய முடியும். ஆனால் காய்ச்சலில் கிடக்கும் பன்றி மெல்லாது என்ற குறை இங்கும் உண்டு. ஆகவே இது கண்காணிப்புக்கு ஒரு கூடுதல் கருவி மட்டுமே. பன்றிகள் திடீரென்று இறந்தால் நீங்களே கயிறு கட்டவும் வேண்டாம், இறைச்சியை விற்கவும் வேண்டாம். அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற எண்ணுக்கோ உடனே சொல்லுங்கள். ஓட்டல் மிச்சத்தைத் தீவனமாகக் கொடுப்பவர்கள் 90 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் கிளறிக்கொண்டே சூடாக்கிய பிறகே கொடுங்கள். இந்த நோயின் பெருவழிகளில் ஒன்று அந்த மிச்ச வாளிதான்.

மதுரையில் பிறந்த ஒருவர்

விலங்கின் நலம் என்பது மேலைநாட்டார் நமக்குச் சொல்லித்தந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள மதுரையில் 1904இல் பிறந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். பரதநாட்டியத்துக்காகவும் கலாக்ஷேத்ராவுக்காகவும் அவரை நினைக்கிறோம். மாநிலங்களவையில் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவே 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழி திறந்தது. 1962இல் அமைந்த இந்திய விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. பிரிட்டனில் பண்ணை விலங்குகளின் நலம் பற்றிய பிராம்பெல் குழு அறிக்கை வந்தது 1965இல்தான். விலங்கை வைத்திருப்பவர் அதன் நலத்தை உறுதி செய்ய வேண்டும், தேவையற்ற வலி தரக் கூடாது என்று நம் சட்டத்தின் மூன்றாம் பிரிவு சொல்கிறது. அதில் பன்றிக்கு விலக்கு இல்லை.

அந்தச் சட்டம் விதித்த கடமையை நிறைவேற்ற, விலங்கு நலமாக இருக்கிறதா என்று அறியும் வழி வேண்டும். நலத்தை அறியும் வழியே வலியாக இருந்தால் சட்டத்தின் உயிர் போய்விடும். பருத்திக் கயிறு அந்த முரணைத் தீர்க்கிறது. பன்றி தன் விருப்பத்தால் வருகிறது, மெல்கிறது, போகிறது. வெறும் சிமெண்ட் தரையில் பொழுது போகாமல் ஒன்றின் வாலை ஒன்று கடிக்கும் கூட்டத்துக்கு அந்தக் கயிறே ஓர் ஆறுதல். சோதனை செய்ததால் விலங்குக்கு நன்மை விளைவது மருத்துவத்தில் அடிக்கடி நடப்பதன்று.

என் வேண்டுகோள்

கால்நடை மருத்துவ மாணவர்களே, சுருக்கைக் கையில் எடுக்குமுன் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தக் கேள்விக்கு உமிழ்நீரே பதில் சொல்லிவிடாதா? சில கேள்விகளுக்கு ரத்தம்தான் வேண்டும், அப்போது எடுங்கள். மற்ற நேரங்களில் காத்திருக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நம் வெப்பத்துக்கும் நம் இனங்களுக்கும் உரிய அளவுகளை உருவாக்கும் ஆய்வை உங்களில் சிலராவது கையில் எடுங்கள்.

பண்ணை வைத்திருப்போரே, மூலையில் படுத்திருக்கும் குட்டியை முதலில் பாருங்கள். மருத்துவர் கயிற்றோடு வந்தால் அந்தக் குட்டியைச் சுட்டிக்காட்டுங்கள். நிலக்கோட்டைப் பக்கத்து அம்மா செய்தது அதைத்தான்.

நெசவாளர்களே, நீங்கள் அறிந்த பருத்திதான் இங்கே வலியில்லாத மருத்துவக் கருவியாக நிற்கிறது. அதற்காக உங்களை வணங்குகிறேன்.

இந்த மேடையில் எச்சில் என்றும் பன்றி என்றும் ஒரு மணி நேரம் கூச்சமின்றிப் பேச இடம் தந்தீர்கள். நாளை காலை எந்தக் கொட்டிலிலாவது ஒரு பன்றி சுருக்கில் மாட்டாமல் தப்பினால், இந்தச் சொற்பொழிவு பயன்பட்டது என்று மன நிறைவு கொள்வேன்.